எதிர் லைன் வீட்டுக் குழம்பு

ஆவடி குவார்ட்டர்ஸில் லைன் லைனாக நிற்கும் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. அதே பச்சைக் கதவு, நுழைந்ததும் இடதுபக்கம் அடுப்படி. புதிதாக வந்தவர்கள் காய்கறிப் பையோடு அடுத்தவர் வீட்டுக்குள் போய் நின்று அசடு வழிவது அங்கே சகஜம். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எல்லா வீட்டு ஆண்களும் ஒன்றாகச் சைக்கிளை எடுப்பார்கள். அதனால்தானோ என்னவோ, தொண்ணூறுகளில் நான் கதை எழுதத் தொடங்கியபோது, கதாபாத்திரத்தை ஆக்குவது வளர்ப்புதான், பிறப்பில் ஒன்றும் இல்லை என்று வாசகர் வட்டத்தில் அடித்துப் பேசுவேன். எனக்கு அதில் சொந்த அக்கறையும் உண்டு. என்னைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். நான் அம்மா என்று கூப்பிடுவது அவளுடைய அக்காவை. பெற்றவளைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது, ஒரு போட்டோகூட இல்லை.

அந்தச் சமயம் எழுதிய கதையில் ஒருத்தி வீடு மாறி எதிர் லைன் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறாள். பதறி ஓடி வர வேண்டியவள், வரவில்லை. அடுப்பில் கொதிக்கும் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்க்கிறாள், உப்பு போடுகிறாள், கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வருகிறாள். நான் அவளை வளர்த்த விதத்துக்கு அவள் அப்படிச் செய்யக்கூடியவளே இல்லை. அந்த இடத்தை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். திரும்பவும் போய் உப்பு போட்டாள்.

மத்தியானம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

இதை உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றேன். பிரசவத்துக்கு இங்கே வந்திருந்த அவள் தங்கை, என்னைப் பெற்றவள், நிறைமாத வயிற்றோடு இதேபோல வீடு மாறிப் போய் உப்பு போட்டுவிட்டு வந்தாளாம். அந்த வீட்டுக்காரிக்கே தெரியாது. அக்காவிடம் மட்டும் சொல்லிச் சிரித்தாளாம். அம்மா அதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஏதோ கேலி பேசிச் சமாளிக்கப் பார்த்தேன். அம்மா காதில் விழவில்லை. என் முகத்தில் வேறு யாரையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இத்தனை வருடமும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது.

“அவகிட்டக் கேட்டுச் சொல்லேன்,” என்றாள். “பிள்ளைய நான் நல்லாத்தானே வளர்த்திருக்கேன்?”

ஆமாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“நல்லாத்தான் வளர்த்திருக்கே, அக்கா,” என்றேன்.