ஆத்தாவைச் சோதிக்கப் போனேனோ?

இதை எழுதி அனுப்பலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே மனசுக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன். சாமி குத்தமாகிவிடுமோ என்று வைத்துவிடுவேன். நான் அதிகம் படித்தவள் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தேனி, அல்லிநகரம். வீட்டுக்காரர் கம்பத்தில் திராட்சை எடுத்து வியாபாரம் செய்கிறவர். கொரோனா ஓய்ந்து கோயில் திருவிழாக்கள் மறுபடி நடக்கத் தொடங்கிய சமயம் அது. என் மகளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போய், மறுபடி உண்டாகியிருந்தாள். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று, சித்திரையில் வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் எங்கள் தெருக் கோயிலில் தீபாராதனை. பூசாரி தட்டை உயர்த்தினார். அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவுதான், தூண், விளக்கு, அம்மன் முகம் எல்லாம் ஒரே பக்கமாக ஓட ஆரம்பித்தன. கத்திக்கொண்டே விழுந்தேன். குலவைச் சத்தம் கேட்டது. யாரோ மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள், கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். சற்று நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் ஊரே கும்பிட்டு நிற்கிறது, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்குப் பிறகு நான் போனால் வழிவிட்டு ஒதுங்குவார்கள், காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் ஒரு பெருமையும் இருந்தது.

ஒருநாள் சமையல்கட்டில் உலை கொதிக்கும்போது மேல்தட்டில் இருந்த புளிப்பானையை எடுக்கத் தலையைத் தூக்கினேன். அதே சுற்று. கை பட்டு உலை கவிழ்ந்து, கொதிதண்ணீர் என் கால் பக்கத்தில் ஓடியது. வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தார். அப்போதும் அவர் வாய் சும்மா இருக்காது.

“கோயில்ல வந்தா சரி. புளிப்பானை எடுக்கையில ஆத்தா எதுக்குடி வர்றா?”

டாக்டரிடம் காட்டலாம் என்றார். அவருடைய அக்கா, என் மதினி, சண்டைக்கே வந்துவிட்டார்.

“ஏலே, ஆத்தாவ மிஷின்ல வச்சுப் பாக்கப் போறியா? வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. ஆத்தா கோவிச்சா நீயா தாங்குவ?”

அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. சட்டியை ஏந்தி நடக்கும்போது சுற்றி விழுந்தால் அந்த நெருப்பு கூட்டத்தில் யார் மேல் கொட்டும்? எடுக்காமல் விட்டால் என் மகள் வயிற்றுக்கு என்ன ஆகும்? வருவது ஆத்தா என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவது பாவம். ஆத்தா இல்லை என்றால் தலைக்குள் கட்டியாக இருக்குமோ? படுத்து யோசிக்கவும் வழியில்லை, படுக்கையில் புரண்டாலே வீடு சுற்றியது.

கடைசியில் மதினிக்குத் தெரியாமல் மதுரைக்குப் பஸ் ஏறினோம். முந்தானையில் திருநீறு முடிந்திருந்தேன். ஆண்டிபட்டி தாண்டிய பிறகு, மலை வளைவில் சுற்று வந்துவிடுமோ என்று கண்ணையே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தலைசுற்றலைச் சோதிக்க ஒரு தனி அறை இருந்தது. சோதிக்கிற பெண் குமுளிக்காரப் பிள்ளை, பேச்சில் மலையாளம் கலந்து வந்தது. என்னைப் படுக்கவைத்து, முகத்தில் பெரிய கண்ணாடியை மாட்டி மூடினாள். உள்ளே ஒரே இருட்டு. அந்த இருட்டில் என் கண் எப்படி அசைகிறது என்று கேமரா பார்க்குமாம்.

“அம்மே, கண்ணு மூடண்டா, திறந்தே வைங்க. காதுல தண்ணி விடுவேன், கொஞ்சம் சுத்தும். பேடிக்கண்டா.”

எப்படிப் பயப்படாமல் இருப்பது? தண்ணீர் காதுக்குள் போனது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு இருட்டு மெல்ல நகர்ந்து வேகம் பிடித்தது. கோயிலில் வந்த அதே சுற்று! சோதிக்கத் துணிந்த கோபத்தில் ஆத்தா இங்கேயே வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என்னை எடுத்துக்கோ, என் பிள்ளையை விட்டுவிடு என்று அழுதேன்.

“அம்மே, பேசிட்டே இருக்கணும். தேனியில இருந்து எங்க குமுளிக்கு பஸ் போற ஊர் பேரெல்லாம் சொல்லுங்க.”

“தேனி... பழனிசெட்டிபட்டி... வீரபாண்டி...” அங்கே குடியிருக்கிற அம்மன் ஞாபகம் வந்து நாக்கு ஒட்டிக்கொண்டது.

“கோட்டூரு!” மூலையிலிருந்து வீட்டுக்காரர் குரல்.

“சாரே, நீங்க சொல்லண்டா!”

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று அழுதுகொண்டே சொன்னேன். குமுளி வருவதற்குள் சுற்று தானாக அடங்கியது.

எனக்கு நிம்மதி வரவில்லை, பயம் இன்னும் கூடியது. ஒரு குவளைத் தண்ணீர் இதைச் செய்யும் என்றால், கோயிலில் என்மேல் வந்தது யார்? ஊரார் யார் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்?

அப்புறம் டாக்டர் வந்து, என் தலையைத் திருப்பிப் பிடித்துச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். மறுபடி சுற்று. பதிவானதைப் பிறகு டிவியில் காட்டினார். என் கண்மணி என்னைக் கேட்காமலே துடிதுடித்துக்கொண்டிருந்தது. காதுக்குள் மணல் போன்ற பொடி இடம் மாறியிருக்கிறது, தலையைத் தூக்கினால் அது நகர்ந்து சுற்றவைக்கிறது, மூளையில் கோளாறு இல்லை என்றார். அந்தப் பொடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக, தலையை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பி உட்காரவைத்தார். தீச்சட்டி எடுக்கலாமா என்று கேட்டேன்.

“திரும்ப வந்து காட்டுங்கம்மா. சுத்து இருந்தா நெருப்புப் பக்கமே போகக்கூடாது.”

மறுபடி போனபோது சுற்று இல்லை. தீச்சட்டி எடுக்கலாம் என்றார்.

சித்திரையில் எடுத்தேன். வீட்டுக்காரர் ஈரச்சாக்கோடு பக்கத்திலேயே நடந்தார். கால் தடுமாறவில்லை, ஊர் எதிர்பார்த்த அருளும் வரவில்லை. மதினி காதோரம் வந்து, “என்னத்தா, இன்னைக்கு ஆத்தா இறங்கலையா?” என்றார். சட்டியைப் பார்த்தபடியே நடந்தேன். மதுரைக்குப் போய்வந்ததை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. பேத்தி பிறந்து இப்போது பால்வாடிக்குப் போகிறாள்.

இதைப் படிக்கிறவர்கள், தலை சுற்றி விழுகிற யாருக்காவது சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். சாமி பொய் என்று ஒரு வார்த்தை கூட்டாதீர்கள், சாமியே டாக்டராக வந்தாள் என்றும் சேர்க்காதீர்கள். எனக்கே தெரியாததை என் பேரில் சொல்லவேண்டாம். இன்றைக்கும் தீபாராதனைத் தட்டு உயரும்போது எனக்குப் பயம்தான். பக்கத்துத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் அவள் முகத்தை அண்ணாந்து பார்க்கிறேன்.