டிரெய்லரில் குறைந்த ஒரு சாண்

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால், லோரி இழுத்த டிரெய்லர்களை மாடுகள் இழுத்தன. எங்கள் லாபு தோட்டத்து மரவள்ளிக் கிழங்கை ஏற்றிப்போய் விற்க, அப்படியொரு பழைய டிரெய்லரை அம்மாவின் தங்கத் தோட்டைக் கொடுத்து வாங்க அப்பா கிளம்பினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சோதிக்காமல் வாங்க விடுவேனா?

விற்றவர் லோபாக் ஊரில் கடை வைத்திருந்த பாய். அச்சும் சக்கரங்களும் உறுதியாகவே இருந்தன. பெட்டியின் உயரத்தை வெளியே சாணால் அளந்தேன். உள்ளே அளந்தபோது ஒரு சாண் குறைந்தது.

"என்னம்மா, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று பாய் சிரித்தார்.

அடிப்பலகையைத் தட்டினேன். உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலித்தது. இடுக்கில் அரிசி மணிகள் சிக்கியிருந்தன. பாயின் சிரிப்பு நின்றது.

"சத்தம் போடாதேம்மா. அரிசி கடத்துன வண்டி. ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சா என் தலை இருக்காது. மேல்பலகையைப் பேத்துட்டே தர்றேன்."

"நமக்கு வேணாம்லா, வா போவோம்," என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

வீட்டில் நாங்கள் அரிசிச்சோறு தின்று மாதக்கணக்காகியிருந்தது.

"பேக்காதீங்க பாய். அப்படியே கொடுங்க," என்றேன்.

அப்பா என்னை முறைத்தார். பிறகு மெதுவாகத் தோட்டை எடுத்து நீட்டினார்.

அதன்பின் மேலே கிழங்கும் கீழே அரிசியுமாக அந்த வண்டி ஓடியது. இன்றும் பெட்டி, அலமாரி எதை வாங்கினாலும் உள்ளேயும் வெளியேயும் அளந்து பார்க்கிறேன். அளவு சரியாக இருந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.