வீரசோழநல்லூர் லஸ்கர் பாய்

மதகடிப் படிக்கல்லில் நின்றுகொண்டு, வலது காலைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொள்கிறார் மீரா உசேன். காலில் எந்த இடம் வரைக்கும் குளிர்கிறது என்று பார்க்கிறார். "ஒண்ணேமுக்கா" என்கிறார். பக்கத்துச் சுவரிலேயே அடியும் அங்குலமும் எழுதிய அளவுப் பலகை இருக்கிறது. கண்ணைத் திறந்து அதைப் பார்ப்பது இதற்குப் பிறகுதான். எதற்கு இந்தச் சுற்றுவழி என்று ஒருநாள் கேட்டேன். "பலகை சரியா சொல்லுதான்னு நாமதானே சார் பாக்கணும்" என்றார்.

லஸ்கர் என்றால் கப்பல் ஆள் என்று அகராதி சொல்லும். எங்கள் பக்கத்தில் ஆற்று மதகுக்குப் பொறுப்பான அரசாங்க ஆளுக்கு அந்தப் பெயர். ஷட்டரை ஏற்றி இறக்கி, வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீரைப் பங்கு வைப்பது வேலை. முப்பத்தோரு வருஷமாக இந்த வேலையில் இருப்பவருக்கு நீச்சல் தெரியாது. ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். அவர் அசரமாட்டார். "நான் தண்ணிய நடத்துறவன். அதுல போய் விழுறவன் இல்ல" என்பார்.

ஆள் ஒல்லி. இரண்டு காக்கிச் சட்டை, ஒரு பழைய ராலி சைக்கிள், கேரியரில் கிரீஸ் டப்பா. தொழுகைக்கு முன் கைகால் கழுவ ஒரு செம்புத் தண்ணீர்தான் எடுப்பார். ஆறு முழுக்க முன்னால் ஓடினாலும் இரண்டாவது செம்பு கிடையாது. அது அவருடைய மார்க்கத்தின் விதி, உத்தியோகத்துக்கும் பொருத்தமாகப் போய்விட்டது. பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கேட்டால் தண்ணீரை வைத்துத்தான் பதில் வரும். மூத்தவள் மேட்டூர் ஜூலையில் திறந்த வருஷம் பிறந்தவள், இளையவன் புயலில் கரை உடைந்த வருஷம். மூத்தவள் நிக்காஹ் அன்று, விருந்துக்கு இலை போட்ட நேரத்தில், வாய்க்கால் கரை அரிக்கிறது என்று சேதி வர, மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துவிட்டு மண்வெட்டியோடு போனவர் இவர். அவர் மனைவி ஜன்னத் பீவி அந்தக் கதையை இன்றும் புதிதாக நடந்ததுபோலத்தான் சொல்வார்.

கை நீட்டாதவர் என்று சொல்ல வந்தால் அவரே தடுப்பார். பறங்கிக்காய் வாங்குவார். பாசனக்காரர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு காய் கொடுக்கவேண்டும், இரண்டு கொடுத்தால் ஒன்றைத் திருப்பிவிடுவார். "எல்லாரும் குடுத்தா அது மொறை. ஒருத்தன் மட்டும் குடுத்தாத்தான் லஞ்சம்" என்பது அவருடைய சட்டம்.

இவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு எங்கள் ஊரின் ஆயிரமாவது ஆண்டு விழா காரணம். குடவாசலிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு ஆயிரம் வயது என்று கோயில் கல்வெட்டை மூன்று வருஷம் தடவித் தடவிப் படித்துக் கண்டுபிடித்தவன், உயர்நிலைப் பள்ளிச் சரித்திர வாத்தியாரான அடியேன். விழாக் குழுவுக்கு நான் செயலாளர். தலைவர் பஞ்சநதம். பெரிய மிராசு, ரைஸ் மில் முதலாளி, கட்சி மாறாமல் ஆட்சி மாறும்போதெல்லாம் கரைவேட்டி மட்டும் மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியசாலி. மூன்று நாள் விழா. ஊர்வலம், கவியரங்கம், பட்டிமன்றம், நாகசுரக் கச்சேரி. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோயில் குளத்தில் தெப்பம், மந்திரி முன்னிலையில். பகுத்தறிவு பேசும் மந்திரிக்குச் சங்கடம் வராதபடி தெப்பத்தில் கல்வெட்டில் இருக்கும் ராஜாவின் படம் முன்னாலும் சாமி பின்னாலும் இருக்கும் என்று முடிவாயிற்று. மூன்று வர்ணத்தில் நோட்டீஸ் அடித்து ஜில்லா முழுக்க அனுப்பினோம்.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான், தெப்பம் கட்ட பீப்பாய் அளக்கப் போன ஆசாரி, குளத்தில் தண்ணீர் இல்லை என்று வந்து சொன்னார். கணுக்கால் அளவு சேற்றில் எருமைகள் படுத்திருந்தன. ஆயிரம் வருஷத்தைக் கண்டுபிடித்த எனக்கு, தினம் பள்ளிக்கூடம் போகும் வழியில் இருக்கும் குளம் கண்ணில் படவில்லை. வெட்கக்கேடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

பஞ்சநதமும் நானும் மதகடிக்குப் போனோம். பாய் ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. எங்கள் வாய்க்காலுக்கு நாலு நாள் தண்ணீர், நாலு நாள் அடைப்பு என்று முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். குளம் நிரம்ப மூன்று நாள் வேண்டும். தெப்பத்துக்கு முந்தி அப்படிக் கிடைக்கிற மூன்று நாள், செவ்வாயிலிருந்து வியாழன் வரை, கீழ்வெளியின் முறை. பாய் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அது அவங்க தண்ணிங்க. அதக் குடுக்க நான் யாரு?"

கீழ்வெளி என்பது குளத்துக்குக் கிழக்கே முப்பத்திரண்டு ஏக்கர். ஒரு காலத்தில் பஞ்சநதம் குடும்பத்துக்குச் சொந்தம். எழுபத்திரண்டில் நில உச்சவரம்பில் போய், அதே நிலத்தில் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்த இருபத்தெட்டுக் குடும்பங்களுக்குப் பட்டாவாயிற்று. அந்த மாதமே, குளத்திலிருந்து கீழ்வெளிக்குப் போகும் பழைய வடிகாலைத் தூர்த்து, அதன்மேல் மில்லுக்கு நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் போட்டார் பஞ்சநதம். களம் அவருடைய இடம், கேட்பாரில்லை. போக வழியில்லாத தண்ணீர் தெருவுக்குள் ஏறும் என்று குளத்துக்குத் தண்ணீர் வரும் மடையையும் அடைத்துவிட்டார்கள். குளத்தை ஒட்டியிருந்த வயல்கள் நாலு மைல் சுற்றிவரும் வாய்க்காலின் கடைமடையாகிவிட்டன. போன வருஷம் கதிர் வரும் நேரத்தில் பயிர் காய்ந்தது. இந்த வருஷமும் காய்ந்தால், சாகுபடி செய்ய வக்கில்லாதவர்கள் என்று சொல்லிப் பட்டாவை ரத்து செய்யக் கேட்கும் மனு ஒன்று தாலுகா ஆபீசில் தயாராகக் காத்திருந்தது. யார் போட்ட மனு என்று நான் எழுதத் தேவையில்லை.

பஞ்சநதம் பாயோடு வாதாடவில்லை. நேரே பாசனப் பிரிவு அதிகாரியிடம் போனார். அவர் ஜீப்பில் மதகடிக்கு வந்து, குளத்துக்குத் திறந்துவிடச் சொல்லி வாய்மொழியாக உத்தரவு போட்டார். பாய் சல்யூட் அடித்தார். பிறகு, "கீழ்வெளி முறைய நிறுத்திட்டு கொளத்துக்கு விடுன்னு ஒரு வரி எழுத்துல குடுத்துடுங்க சார்" என்றார். அதிகாரி பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மந்திரி இன்று இருப்பார், கோர்ட்டு என்றைக்கும் இருக்கும் என்று தோன்றியிருக்கவேண்டும். மூடியைப் போட்டுப் பையில் செருகிக்கொண்டு, ராமநாதபுரம் பக்கம் லஸ்கர் பணியிடம் காலியாக இருப்பதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாய்க்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. அன்று ஜன்னத் பீவி என்னிடம், இந்த வயசில் மூட்டை கட்டவேண்டுமா என்று கேட்டார். நான் அச்சடித்த நோட்டீசால் வந்த வினை.

கீழ்வெளிக்காரர்களையே கேட்டுப் பாருங்கள் என்று வழி சொன்னவர் பாய்தான். பஞ்சநதம் அவர்களிடம் போய்க் கேட்பதா? இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தார். நோட்டீசில் ராஜா படத்துக்கு மேலே அவருடைய படம் இருந்தது, அதுதான் அவரைக் கடைசியில் ஜீப்பில் ஏற்றியது. பாயும் நானும் பின்னால் சைக்கிளில் போனோம். நட்டு இருபது நாளான சம்பாப் பயிர், மண் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. அந்தக் குடும்பங்களுக்காகப் பேசுகிறவர் நாகம்மாள். ஐம்பது வயது, ஒரு ஏக்கர் பத்து சென்ட். களை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

"எடுத்துக்குங்க ஐயா. ஊருக்கு ஆயிரம் வயசுன்னா எங்களுக்கு மட்டும் கொறச்சலா? சனிக்கெழம காலைல வரைக்கும் பயிரு தாங்கும். அதுக்கு மேல தாங்காது. ஆனா கொளத்துக்குப் போன தண்ணி எங்ககிட்ட எந்த வழியா வரும்? அத மட்டும் சொல்லுங்க."

பாய் சைக்கிளைத் திருப்பினார். நேரே பஞ்சநதத்தின் களத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, குளக்கரையிலிருந்து அடி மேல் அடி வைத்து எண்ணி நடந்தார். ஓரிடத்தில் நின்று குதிகாலால் தட்டினார். செங்கல் துண்டை எடுத்து, காய்ந்துகொண்டிருந்த நெல்லை ஒதுக்கிவிட்டு, சிமெண்டில் இரண்டு கோடு இழுத்தார். "கொளத்துத் தண்ணி வெளிய போற தூம்பும் வடிகாலும் இதுக்கு அடியில இருக்குங்க. கொளத்துல அஞ்சடி நின்னா, நாலடி எறங்கினாப் போதும், கீழ்வெளிக்கு ஒரு நனைப்பு சரியா வரும்" என்றார்.

பஞ்சநதம் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். கடைசியில் பஞ்சநதம், அகலம் நாலடி போதுமா என்று கேட்டார். ஆறு வேண்டும் என்றார் பாய். நாலரை என்றார் இவர்.

"தண்ணிகிட்ட பேரம் பேச முடியாதுங்க" என்றார் பாய்.

மறுநாள் மில் ஆட்களே கடப்பாரையோடு வந்தார்கள். சிமெண்டு உடைந்து, மண் வாரி, மூன்றடி ஆழத்தில் கருங்கல் தூம்பு தெரிந்தது. ஒரு கல் நகரவில்லை, ஒரு விரிசல் இல்லை. 'குளத்துக் கீழ்த்தூம்பு' என்று கல்வெட்டில் ஒரு சொல் உண்டு. மூன்று வருஷம் அதைப் படித்தேன், அது எங்கே என்று தேடவேண்டும் என்று தோன்றியதில்லை. அதைப் பாயிடம் சொன்னேன். அவர் கல்லின் இணைப்பில் நகத்தைச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் நுழையவில்லை.

"ராஜா பேரு இருக்குன்னு சொன்னீங்க. இத வச்ச கொத்தன் பேரு இருக்கா, பாருங்க சார்" என்றார்.

இல்லை. வீட்டுக்குப் போய்ப் படியெடுத்த தாள்களை எல்லாம் புரட்டிவிட்டு வந்து இல்லை என்றேன். பாய் தூம்பு வாயில் பலகை இறக்கி, களிமண் அப்பி அடைத்தார்.

செவ்வாய் விடியலில் குளத்து மடை திறந்தது. வியாழன் சாயங்காலம் ஐந்தடி. ஏழு வருஷம் கழித்துக் குளத்தில் கோபுரம் தெரிந்தது. வேலை வெட்டியை விட்டுவிட்டு ஊர் வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெப்பத்தன்று ஜனம் தாங்கவில்லை. நாகசுரம், வாணம், ராஜா முன்னால், சாமி பின்னால். காவிரியின் கொடையைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கிய மந்திரி, களத்தைக் காணிக்கை தந்த வள்ளல் என்று பஞ்சநதத்தைப் புகழ்ந்தார். பஞ்சநதம் மறுக்கவில்லை. நன்றியுரை என் பொறுப்பு. மைக்கில் மீரா உசேன் பெயரைச் சொன்னேன். அதற்கு எழுந்த சத்தம் மந்திரிக்குக்கூட எழவில்லை. கீழ்வெளி ஆட்கள் குளத்தின் கிழக்குக் கரையிலிருந்து கை தட்டினார்கள். பாய் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவுக்குள் தண்ணீர் ஏறிவிடாமல் மடையில் காலை விட்டு நின்றுகொண்டிருந்தார். இந்த ஊர்க்காரன் என்று அன்றுபோல என்றும் நான் பெருமைப்பட்டதில்லை. ஆயிரம் வருஷத்துக்காக அல்ல, அந்த மனுஷனுக்காக.

சனிக்கிழமை சூரியன் கிளம்பும்போது தூம்பின் பலகையை எடுத்தார். தண்ணீர் இரண்டாய்ப் பிளந்த களத்தின் நடுவே நுழைந்து கிழக்கே போயிற்று. களத்தின் ஒரு பக்கத்தில் பஞ்சநதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் பாயும் தண்ணீரோடு நடந்தோம். புதிதாகத் தோண்டிய வடிகாலில் அது நிதானமாகத்தான் வந்தது. பாய் நாலடி முன்னால் போய், வழியில் கிடந்த வைக்கோலையும் நேற்றைய நோட்டீசையும் எடுத்துக் கரையில் போட்டுக்கொண்டே வந்தார்.

கீழ்வெளியின் தலைவரப்பில் இருபத்தெட்டுக் குடும்பமும் நின்றிருந்தது. முதல் வயல் நாகம்மாளுடையது. தண்ணீர் வெடிப்பில் இறங்கும் சத்தம் கேட்டது. நாகம்மாள் மண்வெட்டியோடு வரப்பில் ஏறி எங்கள் எதிரே வந்தார். இத்தனை நாளும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலியோடு திரிந்தவர் பாய், ஜீப்பில் வந்த அதிகாரிக்கும் மேடைக்கு வந்த மந்திரிக்கும் அதை இறக்காதவர். அவர் வரப்பைவிட்டு ஒருபக்கம் இறங்கி நின்று, அந்த அம்மாளுக்கு வழிவிட்டு, கைலியின் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார்.