அக்காவுக்கு ஒரு லோரி வீடு

லோரிக்கு பாடி கட்டும் பட்டறை எங்கே என்று எங்கள் ஊர் ஜாசினில் கேட்டால், பாதிப் பேராவது என் பட்டறைக்குத்தான் கை காட்டுவார்கள். கோழி ஏற்ற, செம்பனைக் குலை ஏற்ற, ஐஸ் ஏற்ற, திருவிழாவுக்குச் சாமியை ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்குப் பிறந்து, சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருப்பவன் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

ஆனால் மனிதர்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும்படி ஒரு பாடி கட்டியதில்லை. அப்படி ஒன்றைக் கட்ட வேண்டும் என்ற ஆசை அக்காவால் வந்தது.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் அக்காவின் இரண்டு கால்களையும் முடக்கிவிட்டது. வாயை மட்டும் அது தொடவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பிளவுஸ் தைக்கிறாள். தையல் மெஷினின் மிதியை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்துவாள். அலோர் காஜாவிலிருந்து கல்யாணப் பெண்கள் தேடி வருவார்கள். துணியை அளவு குறைவாக வாங்கி வந்தால், பெண்ணின் அம்மாவையும் சேர்த்துத் திட்டி அனுப்புவாள். அடுத்த கல்யாணத்துக்கும் அவர்கள் இவளிடம்தான் வருவார்கள்.

அக்கா எங்களோடு வெளியூர் வந்ததே இல்லை. தோட்டத்திலிருந்து தைப்பூசத்துக்கு பஸ் கிளம்பிய காலத்திலிருந்து அவள் சொல்வது ஒன்றுதான். "நீங்க போங்க, நான் வீட்ட பாத்துக்கிறேன்." பிரச்சினை கோயிலும் இல்லை, கடலும் இல்லை. போகிற வழியில் அவளால் போக முடிகிற கழிவறை கிடையாது. படி இருக்கும், இல்லையென்றால் நாற்காலி நுழையாத கதவு இருக்கும். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் அவள் ஓர் இரவு தங்கியதில்லை. நாங்கள் ஊர் சுற்றிவிட்டு வந்தால் கேட் திறந்தே கிடக்கும், உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டு கேட்டுக்குப் பூட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. யாராவது வீட்டில் இருந்தால் பூட்டு எதற்கு?

போன வருடம் காய்கறி ஏற்றிய பழைய மூன்று டன் லோரி ஒன்று பட்டறைக்கு வந்தது. பின்னால் இருந்த பெட்டி உளுத்துப் போயிருந்தது. அடியில் படுத்து சேசிஸைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். பாடியையும் இன்ஜினையும் தாங்கும் அந்த இரண்டு நீள இரும்பிலும் ஒரு விரிசல் இல்லை. லோரிக்காரர் அதைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார். நான் விடவில்லை, விலை பேசி வாங்கிவிட்டேன். அடியில் படுத்திருக்கும்போதே எனக்குத் திட்டம் உதித்துவிட்டது. ஊரில் இருக்கும் கழிவறைகளை என்னால் திருத்த முடியாது. அக்காவின் கழிவறையை லோரியில் வைத்து ஊரெல்லாம் கொண்டுபோக முடியும்.

மனைவியிடம் சொன்னேன். "ஏங்க, ஒங்களுக்கு லோரி பைத்தியம் முத்திப்போச்சு," என்றாள். சொல்லிவிட்டு உடனே அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டாள். அதற்குப் பெயர் சம்மதம். பொறியியல் படிக்கும் மகள் மடிக்கணினியைத் திறந்தாள். "அப்பா, ஒங்க இஷ்டத்துக்கு வெல்டிங் அடிக்க முடியாதுலா. ட்ராயிங் ப்ராப்பரா இருந்தாதான் அப்ரூவல் கிடைக்கும்," என்றாள். என் பட்டறைப் பணத்தில் படித்துவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். வீடுவீடாகக் குளிர்ப்பெட்டி இறக்கும் லோரிகளுக்குப் பின்னால் ஏறி இறங்கும் தூக்குப் பலகை இருக்குமே, அதை நம் லோரிக்கும் பின்னால் வைப்பது. அதில் அக்கா நாற்காலியோடு ஏறுவாள். ஏறியதும் கைக்கெட்டும் தூரத்தில் அவள் கட்டில், பக்கத்திலேயே கழிவறை. தண்ணீர்த் தொட்டி பின்சக்கரத்துக்கு மேல், பாரம் ஒரு பக்கம் சாயாத மாதிரி. பெட்டியைச் சேசிஸோடு இறுக்கி வெல்டிங் அடிக்கக் கூடாது. செம்மண் பாதையில் சேசிஸ் முறுக்கிக் கொடுக்கும், அதற்கு இடம் விட்டுத்தான் பெட்டியைப் பூட்ட வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மகள் வரைந்தாள்.

சாமி மாடத்தில்தான் சண்டை வந்தது. மாடம் கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். ஓடுகிற லோரிக்கு ஏதடி கிழக்கு என்று நான் கத்தினேன். முன்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நிறுத்துற எடத்துல சாமிக்குக் கெழக்கு வர்ற மாதிரி நிறுத்தச் சொல்லு. டிரைவரு வேற எதுக்கு இருக்கான்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரைபடத்தை வீட்டு முன்னால் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் முழு அளவில் வரைந்தேன். சுவர், கதவு, கட்டில், அடுப்பு, எல்லாம் அசல் அளவு. அக்கம்பக்கத்தார் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மனைவி அடுப்புக்குப் போக நேராகக் கோட்டைத் தாண்டினாள். "ஏய், செவுத்துக்குள்ள பூந்து போற!" என்றேன். அவளும் திரும்பி வந்து, கதவு வரைந்த இடத்தில் கதவைத் திறப்பதுபோல் கையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். எல்லோரும் சிரித்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். பின்வாசல் வழியாக ஏறுவதுபோல் நுழைந்து, கழிவறைக்குள் போய்த் திரும்பினாள். சக்கரம் பட்ட இடத்தில் சாக்கோடு அழிந்தது. அளவெடுக்கும் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி அழிந்த இடத்தில் பிடித்தாள். "ஆளப் பாக்காம பிளவுஸ் வெட்டுற மாதிரி வெட்டியிருக்க. இவ்வளவு தள்ளு." சுவரைத் தள்ளிப் போட்டேன்.

பிறகு கட்டில் பக்கம் போய் நின்றாள்.

"இங்க படுத்தா எனக்கு என்னடா தெரியும்?"

"மேல சீலிங்தான் தெரியும். சைடுல சின்ன ஜன்னல் ஒண்ணு வச்சுத் தரேன்."

"சீலிங்க இங்கயே படுத்துப் பாத்துக்குவேன்ல? நீங்க போங்க. நான் வீட்ட பாத்துக்கிறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். "ஒனக்காகத்தானே இவ்ளோ பாடு? நீ வரலன்னா எனக்கு இந்த லோரியே வேணாம். இப்பவே பழைய இரும்புக்குப் போட்டுடறேன்!"

அக்கா நாற்காலியைத் திருப்பினாள். சமையலறையைக் கடந்து, முன்சுவர்க் கோட்டையும் ஏறி அழித்துக்கொண்டு, படத்துக்கு வெளியே போனாள். லோரியின் கேபின் வர வேண்டிய இடம் அது. கேபின் ஏற்கெனவே இருக்கிறது, அதில் செய்ய ஒன்றுமில்லை என்று நான் அதை வரையவே இல்லை. அந்த வெறும் தரையில், இடது பக்கமாகப் போய், சாலையைப் பார்த்து நின்றாள்.

"இங்க யாரு ஒக்காரப் போறா?"

டிரைவருக்குப் பக்கத்து சீட். மனைவி என்னைப் பார்த்தாள். அது தன்னுடையது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"எனக்கு ரோடு பாக்கணும்டா," என்றாள் அக்கா. "ஒன் பட்டறை வேன்ல இத்தன வருசமா ஆஸ்பத்திரிக்குப் போறேன். பின்னாடி கட்டிப்போட்டு ஏத்திட்டுப் போற. அதுல ஜன்னலே கெடையாது. பிரேக் போட்டா சிக்னல்னு தெரியும், குலுங்குனா மேடுன்னு தெரியும். படுத்துக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன மூட்டையா? முன்னாடி ஒக்காந்து பாத்துக்கிட்டு வர்றதுன்னா வரேன்."

மனைவிதான் முதலில் பேசினாள். "அண்ணி, அந்த சீட்டு ஒங்களுக்குத்தான். நான் பின்னால சாமிகூட வரேன்."

சொல்வது சுலபம். அன்று முதல் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. பெட்டியிலிருந்து கேபினுக்கு வழி வெட்டலாம் என்றாள் மகள். இன்ஜினைப் பார்க்கும்போதெல்லாம் இந்த லோரியின் கேபின் முன்னால் கவிழ வேண்டும், அதைப் பெட்டியோடு ஒட்டவைக்க முடியாது என்றேன். வெளியிலிருந்து ஏற்றலாம் என்றால் கேபின் படி என் இடுப்பு உயரம். நானே தூக்கி உட்காரவைத்துவிடுவேன் என்று சொன்னதற்கு அக்கா முறைத்த முறைப்பில் அந்த யோசனை அங்கேயே செத்தது.

வேறொரு லோரிக்குத் தூக்குப் பலகை மாட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. பலகை பின்னால்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அதை இடது பக்கம், கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே கொண்டுவந்தால்? பெட்டியின் கதவையும் அங்கேயே வைத்தால் ஒரே பலகையில் இரண்டு வாசல். ஓடும்போது கேபின் சீட், நிறுத்தினால் வீடு. ஸ்பானரைப் போட்டுவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா, டெர்பாய்க்! இத விட பெஸ்ட்டு கெடையாதுலா!" என்று அவள் கத்தியது பட்டறைக்கே கேட்டது. அதோடு பழைய படம் போயிற்று. சமையலறை பின்னால் போனது, கட்டில் இடம் மாறியது, தண்ணீர்த் தொட்டிக்குப் பாரக் கணக்கைத் திரும்பப் போட்டாள். ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை. என் பிள்ளை என்று ஊரைக் கூட்டிச் சொல்லத் தோன்றியது.

போன வாரம் சிமெண்டுத் தரையில் புதுப் படம் வரைந்தேன். இந்த முறை கேபினையும் வரைந்தேன். லோரியிலிருந்து அந்த சீட்டைக் கழற்றி வந்து, தூக்குப் பலகை ஏறி நிற்கும் உயரத்துக்கும் சீட்டுக்கும் எவ்வளவு இடைவெளி வருமோ அவ்வளவு விட்டு, மரக்கட்டைகள்மேல் வைத்தேன். அக்கா நாற்காலியை அதன் பக்கத்தில் நிறுத்தி, வழவழப்பான ஒரு பலகையை நடுவில் போட்டு, கைகளை ஊன்றி, சறுக்கிப் போய் உட்கார்ந்துவிட்டாள். யாரும் தொடவில்லை. இத்தனை வருடம் துணி வெட்டிய கைகள் அவை. பெல்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் போவது சாதாரணச் சாலைதான். ஒரு பள்ளிக்கூட பஸ் போனது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது. "அது நீ கட்டுன பாடிதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

என்னென்ன வாங்க வேண்டும் என்று மகள் படித்துக் காட்டினாள். அலுமினியத் தகடு, பிளைவுட், தொட்டி, பம்பு, வயர்.

"ஒண்ணு விட்டுப்போச்சு," என்றாள் அக்கா, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"என்னத்த?"

"கேட்டுக்குப் பூட்டு."

உடனே போய் வாங்கி வந்தேன், கடையில் இருந்ததிலேயே பெரியதாக. லோரிக்கு இன்னும் ஒரு தகடுகூட வெட்டவில்லை. பூட்டு இப்போதே கேட்டில் தொங்குகிறது. சாவி அக்காவிடம் இருக்கிறது.