தென் கரோலினாவைச் சுமந்துகொண்டு கொட்டாஞ்சேனைக்கு

ஞாயிறு காலை ஏழரைக்கு வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ் ஏறினேன். கொழும்பின் மறுகோடியிலிருக்கும் கொட்டாஞ்சேனை ஏழு மைல்தான். யுத்த காலத்தில் அதை அரைநாள் பயணமென்று வைத்துக்கொள்வது நல்லது. அங்கே ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

அன்றைய பாடம் அமெரிக்கா. மத்திய அரசின் சட்டம் அரசியலமைப்புக்கு முரணென்று பட்டால், தன் எல்லைக்குள் அது செல்லாதென்று ஒரு மாநிலம் அறிவிக்கலாம் என்ற கொள்கை. தென் கரோலினா இறக்குமதி வரியை அப்படித்தான் மறுத்தது. ஜனாதிபதி படையைக் காட்டி மிரட்டினார். கடைசியில் வரியையும் குறைத்தார்கள். அடிமைகளை வைத்துக்கொண்டு உரிமை பேசிய கூட்டம் அது. எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதையும் இல்லை. ஆனாலும் பரீட்சையில் கேள்வி வரும்.

எட்டு மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் சோதனைச்சாவடி. எல்லோரும் இறங்கினோம். அடையாள அட்டையில் என் பெயரைப் பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். தமிழில் எழுதிய நோட்ஸ், நடுவில் நான் கீறிய வரைபடம். மறுத்த மாநிலத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்பி, எல்லையை இரட்டைக் கோடாகப் போட்டிருந்தேன். கடலோரத்தில் ஒரு சிவப்புத் துண்டு! தனிநாட்டு வரைபடம் போலத் தெரியுமென்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

“மே மொக்கத்த?” இது என்ன என்கிறான்.

“அமெரிக்காவ, மஹத்தயா.” அமெரிக்கா, ஐயா என்றேன்.

ஏன் சிவப்பு என்று கேட்டான். சட்டத்தை மறுத்த இடமென்று சொல்ல வாய் வருமா? பருத்தி விளையும் இடமென்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் நம்பவில்லை. பஸ் போய்விட்டது. மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். பிறகு ஓர் அதிகாரி வந்து, படத்தைக் கிழித்தெடுத்துத் தானே வைத்துக்கொண்டு, என்னைப் போகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். அதை நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது.

பத்தரைக்குக் கொட்டாஞ்சேனை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். கரும்பலகையில் படத்தைத் திரும்பக் கீறி, பார்த்து வரையச் சொன்னேன். ஒருவரும் பேனையை எடுக்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் வத்தளையிலிருந்து வரும் மெரீனா எழும்பினாள்.

“படம் வேணாம் சேர். பாலத்தடியில ஆமிக்காரங்க பேக்கைத் திறப்பாங்க.”

“படம் இல்லாட்டி மார்க்ஸ் குறையும் பிள்ளை.”

“குறையட்டும் சேர். அண்ணாவ ஒரு டயறியோடதான் பிடிச்சாங்க. இன்னும் விடல்ல.”

படத்தை அழித்தேன். மிச்சப் பாடத்தை வாயால் சொன்னேன், எழுதாமல் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு மணிக்குத் திரும்பும்போது சாவடியில் பையை விரித்துக் காட்டினேன். குடையும் வெற்றிலைப் பொட்டலமும்தான் இருந்தன. நோட்ஸ் முழுவதையும் கொட்டாஞ்சேனையிலேயே கிழித்துப் போட்டிருந்தேன். அப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இருக்கவில்லை.