மகளின் தலை அளவு

கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அரை இஞ்சு டெய்லர் என்றால் கடை வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். எதைத் தைத்தாலும் உள்ளே அரை இஞ்சு கூடுதலாக மடித்து வைத்திருப்பார். உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடச் சட்டை என்றால் கேட்கவே வேண்டாம். "வளர்ற பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே தாராளமாக வெட்டுவார். வகுப்பு தொடங்கும்போது அந்தச் சட்டைக்குள் காணாமல் போகிற பிள்ளைகள் வருஷக் கடைசியில்தான் வெளியே தெரிவார்கள்.

தொழிலை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பழைய சட்டைகளைப் பிரித்துப் பார்த்துத் தானே பிடித்துக்கொண்டது. அதனாலோ என்னவோ, அளவு விஷயத்தில் இன்னொருவர் கையை நம்பமாட்டார். டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். கல்யாணப் போட்டோவில்கூட காலருக்கு அடியில் மஞ்சளாக ஒரு வால் தெரிகிறது.

மகள் பிறந்து ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நர்ஸ் குழந்தையின் தலையை அளக்க எடுத்த டேப்பைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு கூசியது. ஓரம் பிய்ந்து, எண்கள் பாதி அழிந்திருந்தன.

"சிஸ்டர், இதை வெச்சு கதவைக்கூட அளக்கக் கூடாது."

வெளியே பதினெட்டு குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. "அப்ப நீங்களே எடுங்க. சென்டிமீட்டர்ல சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள் நர்ஸ்.

அவர் அளந்தார். முப்பத்தெட்டரை. குழந்தையின் வளர்ச்சி அட்டையில் ஏறியது. அன்றைக்கே அந்த அளவுக்கு மேல் வழக்கமான தாராளமும் சேர்த்து ஒரு தொப்பியும் தைத்தார். போட்டுவிட்டால் குழந்தைக்கு மூக்கு வரை இறங்கியது.

"என்னங்க இது, கண்ணே தெரியல."

"வளர்ற பிள்ளைம்மா. நாளைக்கே சரியாப் போயிடும்."

மனைவி ஒரு மாதமாகத் தொப்பியைத் தூக்கித் தூக்கி மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மாதம் மறுபடி போனார்கள். இந்த முறை அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் பரிசோதனை. பிரசவம் ஆன வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிடுவது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். நர்ஸிடம் இப்போது புது டேப் இருந்தது. அவள் குழந்தையின் தலையை அளந்து எழுதிக் கொடுத்த அட்டையை டாக்டரம்மா பார்த்தார். முன்பக்கம் திருப்பினார். பின்பக்கம் திருப்பினார்.

"போன மாசம் முப்பத்தெட்டரை. இந்த மாசம் முப்பத்தெட்டு."

"குறைஞ்சிருக்கா டாக்டர்?" மனைவி அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"தலை இப்படிக் குறையாதும்மா. எங்கேயோ அளவு தப்பியிருக்கலாம். ஆனா நிஜமாவே வளரலைன்னா சும்மா விட முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். ஸ்கேன் எடுத்துப் பாத்துடுவோம்."

மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவருக்குக் கைகால் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. "போன மாசத்து அளவு நான் எடுத்தது. அது தப்பாது. இருபது வருஷத்துல ஒரு சட்டை திரும்பி வந்ததில்ல. சிஸ்டர் அளந்ததுதான் தப்பு."

"திரும்பி வந்ததில்லையா?" நர்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "நீங்க தெச்ச யூனிஃபார்முக்கு நாலு ஊக்கு குத்திட்டு வந்திருக்கேன். நான் என்ன வளர்ற பிள்ளையா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "என் முன்னாடியே ரெண்டு பேரும் அளங்க."

நர்ஸ் அளந்தாள். முப்பத்தெட்டு. அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவி அளந்தார். நாற்பது. மறுபடி அவள். முப்பத்தெட்டு. மறுபடி அவர். நாற்பது. டேப்பை மாற்றிக்கொண்டு அளந்தார்கள். டேப்தான் மாறியது, எண்கள் மாறவில்லை. இத்தனை நேரம் பொறுத்திருந்த குழந்தை அழத் தொடங்கியது.

மனைவி டேப்பைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, விரலை எடுங்க."

"எந்த விரல்?"

"அதோ, உள்ள விட்டிருக்கீங்களே, அது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். குழந்தையின் நெற்றிக்கும் டேப்புக்கும் நடுவில், தன் வீட்டில் இருப்பதுபோல, அவருடைய ஆள்காட்டி விரல் சுகமாகப் படுத்திருந்தது. காலர் அளவு எடுக்கும்போது மூச்சு விட இடம் வேண்டும் என்று டேப்புக்கு அடியில் ஒரு விரல் விடுவார். இருபது வருஷமாக விட்ட விரல், இப்போது யாரையும் கேட்காமல் தானாகவே போய்விடுகிறது.

விரலை எடுத்து அளந்தார். முப்பத்தெட்டு.

மனைவி பையிலிருந்து தொப்பியை எடுத்து மகள் தலையில் வைத்தாள். அது மூக்கு வரை இறங்கியது.

"ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "விரலுக்கு ரெண்டு சென்டிமீட்டர். அப்ப போன மாசம் முப்பத்தாறரை." அட்டையில் ஒரு புள்ளியை அடித்து இன்னொன்று வைத்துக் கோட்டை இழுத்தார். கோடு ஒழுங்காக மேலே ஏறியது. "வளர்ச்சி சரியாத்தான் தெரியுது. ஆனா இது கணக்குதான். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அளந்து பாத்துட்டு ஸ்கேன் வேணுமான்னு முடிவு பண்ணுவோம். சிஸ்டர் அளக்கட்டும். நீங்க கையைக் கட்டிட்டு நில்லுங்க."

அடுத்து பெரியவர்கள் முறை. மனைவிக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள். அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க மெஷின் பட்டையைக் கட்டியதும் பதறி, "சிஸ்டர், உள்ள ஒரு விரல் விடக் கூடாதா?" என்றார். பிறகு நர்ஸ் அவர் இடுப்பை அளந்தாள்.

"முப்பத்தெட்டு இஞ்சு."

"முப்பத்தி நாலு சிஸ்டர். என் பேண்ட் நானே தெச்சது."

"பிரிச்சுப் பிரிச்சு விட்டீங்கல்ல? அந்தக் கணக்கு எங்க போச்சு?"

அவர் கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்டார்: "உள்ள விரல் ஏதாவது...?"

நர்ஸ் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொப்பியைப் பிரித்தார். முப்பத்தெட்டு, நூல் பிசகாமல். மடிப்பு இல்லை, கூடுதல் இல்லை. தைத்த கைக்கே அது கூச்சமாக இருந்தது. குழந்தைக்குப் போட்டதும், இரண்டு கண்ணும் வெளியே தெரிந்தன.

பதினாலு நாளும் அவர் டேப்பைத் தொடாமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தூங்கும்போது அளக்கச் சொல்லிக் கை அரித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பதினைந்தாம் நாள் காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மனைவி தொப்பியைப் போட்டாள். போகவில்லை. இழுத்தாள். குழந்தை வீல் என்றது. கழற்றிப் பார்த்தால் நெற்றியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

"என்னங்க, தொப்பி பத்தல!"

அவர் ஓடி வந்து அந்தக் கோட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்க்கடைக்காரரிடம், பக்கத்து வீட்டம்மாவிடம், பஸ்ஸில் கண்டக்டரிடம், கடைசியில் நர்ஸிடம் காட்டினார்.

"பாத்தீங்களா? நான் தெச்சது. பத்தவே இல்ல!"