கல்மேல் நின்ற வீடு

காஜா பேராங் கம்பத்தில் எங்கள் பலகை வீட்டின் பின்பக்கத் தூண் ஒன்று ஆடும். அடுப்படியில் அக்கா மிளகாய் அரைத்தால், முன்னறையில் என் தேநீர்க் கோப்பைக்குள் வட்டம் வட்டமாய் அலை எழும்.

"இந்தத் தூணுக்கு ஒரு சட்டி சிமெண்டு போடுங்கன்னு எத்தன வருசமா சொல்றேன்?" என்பாள் அக்கா.

"ஞாயித்துக்கெழம பாக்கலாம் லா," என்பார் அத்தான்.

ஞாயிறுகள் வந்தன, போயின. தூணுக்கும் அதன் அடிக்கல்லுக்கும் நடுவில் செருகியிருந்த தேங்காய்ச் சிரட்டைதான் மாறிக்கொண்டே இருந்தது.

நிலம் வாடகை, வீடு எங்களுடையது. அப்போது அங்கே பலரும் அப்படித்தான் வாழ்ந்தோம். அக்கா ஊரார் துணிகளைத் துவைத்து, பலகை பலகையாய்ச் சேர்த்த வீடு அது. மெர்டேக்கா வரப்போகிறது, நாடு சுதந்திரம் அடையும் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சாயிருந்த மாதங்களில் நிலம் கைமாறியது. புதுச் சொந்தக்காரர் வழக்குப் போட்டார்: இடத்தைக் காலி செய்ய வேண்டும், வீடும் நிலத்தோடு சேர்ந்து தனக்கே.

எங்கள் லாயர் பொறுமையாக விளக்கினார். "நிலத்த அவர் கேட்டா குடுத்துத்தான் ஆகணும். வீடு வேற கேள்வி. மண்ணோட சேந்துட்டா நிலத்தோட போயிரும். தனியா நிக்கிதுன்னா அது உங்க சாமான்."

"என் வீட்டயா சாமான்னு சொல்றீங்க?"

"நாற்காலி மாதிரின்னு வச்சிக்குங்கம்மா."

"நாற்காலின்னே இருக்கட்டும். என் நாற்காலிய அவருக்கு எதுக்குக் குடுக்கணும்?"

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஊரில் கால் தரிக்காது. கப்பல், ரயில், எதுவானாலும் ஏறிப் போய்விட வேண்டும் என்று திரிந்தவன். சொற்கள் மட்டும் எளிதாக வரும். அக்காவுக்கு ஒரு கதை கட்டிக் கொடுத்தேன்: "ஒருநாள் தூக்கிட்டுப் போகணும்னு திட்டம் போட்டுத்தான் தூண நடாம கல்லு மேல வச்சோம்னு சொல்லுக்கா." அவள் துணியைப் பிழிந்து உதறினாள்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு லாயர் அதே இடத்துக்குத்தான் வந்தார். இத்தனை வருடம் குடியிருந்தும் தூண்களுக்கு ஏன் சிமெண்டு போடவில்லை? அக்கா திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தானைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரரு சோம்பேறி, துவான்," என்றாள் நீதிபதியிடம்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். பிறகு தொண்டையைச் செருமி ஆங்கிலத்தில் சொன்னார். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

"நான் நிரந்தரமா இருக்கத்தான் ஆசப்பட்டேன். சிமெண்டு போடத்தான் சொன்னேன். போடல. இதுல நான் பொய் சொல்ல என்ன இருக்கு?"

வீடு போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் நீதிபதி பேனாவை மூடிவிட்டு, நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வந்தார். சப்பாத்துக் கால்களில் சேறு ஒட்ட, வீட்டின் பின்புறம் குந்தி உட்கார்ந்து, சிரட்டையைத் தாமே உருவினார். கல்லுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அதன் வழியே அடுத்த வீட்டு வாழைத்தோப்பின் பச்சை தெரிந்தது. மற்றத் தூண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாமே கல்லின் மேல் சும்மா நின்றன.

தீர்ப்பு வந்தது. நிலம் புதுச் சொந்தக்காரருக்கு. வீடு எங்களுக்கு. ஒரு மாதத்துக்குள் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டு சந்து தள்ளி ஒரு சிட்டி அம்மாவுக்குக் காலி மனை இருந்தது. சிட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட தமிழர்கள்; அவருக்குத் தமிழ் வராது. அக்காவின் உடைந்த மலாயைக் கேட்டுவிட்டு, "போலே, போலே" என்று, வீட்டை வைத்துக்கொள்ளச் சொல்லித் தலையசைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பத்துச் சனமே திரண்டது. கூரைத் தகரங்களைக் கழற்றி, அடியில் மூங்கில்களைக் கட்டினார்கள். அத்தான் அந்த ஆடும் தூணையே தேடிப்போய்த் தோள் கொடுத்தார். "சத்து, டுவா, தீகா!" என்று மூன்று எண்ணியதும் அறுபது கால்கள் முளைத்து வீடு எழுந்தது. ஊரை விட்டுப் போகிறேன், போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு முன்னால் வீடு கிளம்பிவிட்டது.

அக்கா முன்னால், பின்னோக்கியே நடந்தாள். கண்கள் வாசற்படியை விட்டு விலகவில்லை. மாட்டுவண்டிக்காரன் ஒருவன் கத்தினான்: "அக்கா, வீடு எங்க போவுது?"

"கோர்ட்டு சொல்லிருச்சு, நடந்து போவுது! வண்டிய ஓரங்கட்டுடா!"

அவள் குரலில் இருந்த அந்த நிமிர்வை, பிறகு நான் சுற்றிய எந்தத் துறைமுகத்திலும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அத்தான் சைக்கிளில் சிமெண்டு மூட்டையோடு வந்து நின்றார். ஆயுளில் முதல்முறை, கேட்காமலே.

"எறக்காதீங்க," என்றாள் அக்கா. "மண்ணு அவங்களுது, வீடு நம்மளுதுன்னு எழுதி வாங்காம ஒரு பிடி சிமெண்டு விழக்கூடாது."

சிட்டி அம்மாவை அழைத்துக்கொண்டு லாயரிடம் போனாள். சிமெண்டு போட்டாலும் போடாவிட்டாலும் வீடு எங்களுடையது என்று எழுத வைத்து, ஒவ்வொரு வரியையும் படித்துக்காட்டச் சொல்லி, இரண்டு வரியைத் திருத்த வைத்தாள். காகிதம் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் வெளியே கிடந்த மூட்டையில் மழை இறங்கி, அப்படியே கல்லாகிவிட்டது.

அந்தக் கல்லைத்தான் பின்பக்கத் தூணுக்கு அடியில் உருட்டி வைத்தார் அத்தான். தூண் ஆடவில்லை. அக்கா இரு கையாலும் அசைத்துப் பார்த்தாள்.

"இப்பவும் தூக்கலாம் லா," என்றார் அவர்.